பூச்சியுண்ணும் செடியும் லீலி மலரும்

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடிகளை இன்று நகரத்து நர்சரித் தோட்டங்களில் தொட்டியோடு விலைக்கு வாங்கலாம். பள்ளிப் பாடநூலில் படித்ததைக் கண்ணாரக் காணப் பிள்ளைகள் விரும்புகின்றனர். பெற்றோரும் வாங்கித் தருகின்றனர். அதன்பின் ஐயம் எழுகின்றது. “வீட்டில் பூனை இருக்கிறதே, நாய்க்குட்டி ஓடித் திரிகிறதே, ஊனுண்ணும் செடியால் அவற்றிற்குத் தீங்கு வராதா, சாமி?” என்று நம்மிடமே சிலர் வினவியதுண்டு. குருவானவரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று எவரும் நாண வேண்டுவதில்லை. ஒரு குடும்பம் அன்பு பாராட்டும் உயிர் எதுவாயினும், அதன் நலம் அக்குடும்பத்தின் நலத்தோடு கலந்ததேயாம்.

விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம். இவ்வகையில் மக்கள் பொதுவாக வீட்டில் வளர்க்கும் செடிகள் பூனைக்கோ நாய்க்கோ நஞ்சாவதில்லை. அவை பூச்சியைத் தேடுவது வறுமையினாலேயே. அவை பிறந்த சதுப்பு நிலத்தில் தழைச்சத்து மிகக் குறைவு. ஆகவே வேருக்குக் கிட்டாத உணவை இலை தேடிக்கொள்கின்றது.

வீனஸ் பூச்சிப்பொறி என்னும் செடியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் ஈரநிலங்களே அதன் தாயகம். சார்லஸ் டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். இதன் இலை நுனி இரு மடல்களாய் விரிந்து நிற்கும். மடல்களின் உட்புறத்தே சில நுண்மயிர்கள் உண்டு. ஏறத்தாழ 20 வினாடிகளுக்குள் இருமுறை அவை தீண்டப்பட்டால் மடல்கள் நொடிப்பொழுதில் மூடிக்கொள்ளும். காற்றில் வந்து விழும் தூசிக்கும் மழைத்துளிக்கும் செடி ஏமாறாதிருக்கப் படைத்தவர் செய்த ஏற்பாடு எத்துணை நுட்பமானது! ஆயினும் அம்மடலின் நீளம் ஓர் அங்குலத்தை ஒட்டியதே. பூனை தன் பாதத்தை வைத்தால் பாதம் சிக்குவதில்லை. நகம் பட்டு மடல்தான் கிழியும். வீணே பலமுறை மூடச் செய்தால் மடல் கறுத்து மடிந்துபோகும். அங்கே காக்கப்பட வேண்டியது செடியே.

குடுவைச் செடியும் இத்தகையதே. நம் நாட்டில் இயற்கையாய் வளரும் குடுவைச் செடி இனம் ஒன்றே. மேகாலயாவின் காசி, காரோ மலைப்பகுதிகள் அதன் இருப்பிடம். அதன் குடுவையில் ஊறும் நீர் எறும்பையும் ஈயையும் செரிக்க வல்லது. நாய் ஒரு வாய் நக்கிவிட்டாலும் கேடு விளைவதில்லை. போர்னியோ தீவின் கினபாலு மலையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் குடுவைகளையுடைய ஓர் இனம் உண்டு. அதில் எப்போதேனும் சிற்றெலி விழுந்து மடிவதுண்டு. நம் வீட்டுத் தொட்டிச் செடிகள் அத்துணைப் பெரியன அல்ல. நீலகிரி, பழனி மலைகளின் ஈரப் புல்வெளிகளில் முளைக்கும் அழுகண்ணியோ, பனித்துளி போன்ற பசையால் கொசுவை ஒட்டவைக்கும் சிறு பூண்டு. பூனையின் மீசையில் சற்றே பிசுபிசுக்கும், அவ்வளவே.

எனினும் எதையும் அளவின்றி மென்று தின்றால் வயிறு குமட்டும். தொட்டியில் இட்ட உரமும், தெளித்த பூச்சிமருந்தும் செடியைவிடக் கொடியவை. நாய்க்குட்டி தொட்டியிலுள்ள பாசியைப் பிடுங்கி விழுங்கினால் தொண்டையில் அடைக்கக்கூடும். ஆதலால் தொட்டியை உயரத்தில் வைப்பது நன்று.

இதனை இத்துணை விரிவாக எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் ஒரு குடும்பத்தார் தம் திருமண வெள்ளிவிழாவைக் கொண்டாடினர். உறவினர் அனுப்பிய வெண்ணிற லீலி மலர்க்கொத்தை நடுக்கூடத்தில் திருக்குடும்பப் படத்தின்கீழ் வைத்திருந்தனர். அவ்வீட்டுச் சிறுமி புதுநன்மைக்குத் தயாரித்துக்கொண்டிருந்தவள். ஒரு பூனையும் ஒரு பூச்சிப்பொறிச் செடியும் அவளுடைய செல்வங்கள். அன்றிரவு பூனை வாந்தியெடுத்தது. மறுநாள் உணவைத் தொடவில்லை. “அந்த ராட்சசச் செடிதான் ஏதோ செய்துவிட்டது” என்று பாட்டியார் முடிவு கட்டினார். செடி குப்பைமேட்டிற்குப் போயிற்று. காரணம் நீங்கிவிட்டது, இனிப் பூனை தேறிவிடும் என்று வீட்டார் அப்பகல் முழுவதும் காத்திருந்தனர். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவர் கேட்ட முதற்கேள்வி, “வீட்டில் லீலிப் பூ இருக்கிறதா?” என்பதே. பூனையின் சிறுநீரகங்கள் அதற்குள் செயலிழந்திருந்தன. அன்று மாலையே அது இறந்தது.

லீலி மலரின் இலை, இதழ், மகரந்தம் யாவுமே பூனைக்குக் கொடிய நஞ்சு. உரோமத்தில் படிந்த மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடி நீரைக் குடித்தாலும் சிறுநீரகம் பழுதுபடலாம். நாய்க்கு அது வயிற்றுக்கோளாறோடு நின்றுவிடும், பூனைக்கோ உயிர்க்கேடு. தின்ற சில மணி நேரத்திற்குள் மருத்துவம் கிட்டினால் பிழைக்க வழியுண்டு. அக்குடும்பம் அந்த நேரத்தைத்தான் ஒரு பாவமறியாத செடியைப் பழிப்பதில் இழந்தது.

அச்சிறுமி நம்மிடம் வந்து, “சாமி, லீலிப்பூ சூசையப்பர் கையில் இருக்கிற பூவாயிற்றே! அது எப்படி என் பூனையைக் கொல்லும்?” என்று கண்ணீரோடு கேட்டாள். “மகளே, லீலி பொல்லாத பூ அன்று, பூனைக்கு எட்டாத பீடத்திலே இருக்க வேண்டிய பூ அது” என்றோம். அதற்குமேல் சொல்ல அப்போது நமக்கு நா எழவில்லை.

ஈசாயின் இல்லத்தில் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு சாமுவேல் இறைவாக்கினரும் மயங்க நேர்ந்ததன்றோ? பெயர் கெட்டவன்மீது பழியைப் போட்டுவிட்டால் ஆராயும் உழைப்பு மிச்சமாகின்றது. வீட்டில் பணம் காணாமற்போனால் வேலைக்காரச் சிறுவனையும், பிள்ளை கெட்டுப்போனால் அடுத்த தெருப் பையனையும் முதலில் ஐயுறுகின்றோம். ஐயுறும் நேரத்தில் உண்மையான கேடு நடுக்கூடத்திலேயே, நாம் போற்றி வைத்த இடத்திலேயே, தன் வேலையைச் செய்து முடிக்கின்றது.

ஆகவே அன்பார்ந்த பெற்றோரே, பூனை வளர்க்கும் இல்லத்தில் லீலி மலர் வேண்டா; பரிசாக வந்தால் ஆலயப் பீடத்திற்கு அனுப்பிவிடுங்கள். அரளி, நம் மாநில மலராகிய செங்காந்தள், மலர்வளையங்களுக்கு இலை தரும் சைகஸ் ஆகியவற்றை நாயும் பூனையும் கடிக்க விடாதீர்கள். அரளி இதயத்தைத் தாக்கும். செங்காந்தளின் கிழங்கு மனிதரையும் கொல்லும். சைகஸின் விதை நாயின் ஈரலைக் கெடுக்கும். வளர்ப்பு உயிர் ஒன்று நோயுற்றால், யார்மீது குற்றம் என்று தேடுமுன், அது மென்ற இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

குப்பைமேட்டிலிருந்து அந்தப் பூச்சிப்பொறிச் செடியைச் சிறுமியின் தந்தை தேடி எடுத்து வந்தார். வேர் பிழைத்திருந்தது. மழைநீர் ஊற்றிப் பாட்டியாரே அதைப் பேணி வருகின்றார்.