எதிரெதிரே முறுக்கு

அனல்மின் நிலையத்தின் ஜெனரேட்டர் பக்கம் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஹைட்ரஜனை நாளைய எரிபொருள் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு அது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் புழங்கிய வாயு. 210 மெகாவாட் ஜெனரேட்டருக்குள் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுகிற ரோட்டரைக் குளிர வைப்பது அதுதான். எடை காற்றில் பதினான்கில் ஒரு பங்கு, வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைப்போல ஏழு மடங்கு. அதனால் ரோட்டர் லேசாக ஓடும், சூடும் சட்டென்று இறங்கும்.

அந்த வாயுவை உள்ளே விடுவது ஒரு சடங்கு மாதிரி. காற்றும் ஹைட்ரஜனும் ஒன்றையொன்று தொடவே கூடாது. காற்றோடு நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 75 பங்கு வரை எவ்வளவு கலந்தாலும் ஒரு பொறி போதும். ஆகவே முதலில் கார்பன் டை ஆக்சைடை அடிவழியாக ஏற்றி, காற்றை மேல்வழியாகத் தள்ளுவோம். பிறகு ஹைட்ரஜனை மேலிருந்து இறக்கி, கார்பன் டை ஆக்சைடை அடிவழியாக வெளியேற்றுவோம். ரோட்டர் தண்டு வெளியே வரும் இரண்டு முனையிலும் வாயுவைவிட அதிக அழுத்தத்தில் சீல் ஆயில் நின்று காவல் காக்கும். அவசரப்படுகிறவனுக்கு அங்கே வேலை இல்லை.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் கோடையில், ஓவர்ஹால் முடிந்து யூனிட் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஹைட்ரஜன் செலவு ஏறிக்கொண்டே போனது. வாசனை இல்லாத வாயு. தீப்பிடித்தாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஷிஃப்டும் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக அலைந்தோம். கடைசியில் ஒரு கூலர் பிளாஞ்சின் அடிப்பக்கத்தில் கடுகளவு நுரை பொங்கியது. அந்த போல்ட்டுகளை முறுக்கியவன் நான்தான்.

ஃபோர்மேன் அண்ணன் திட்டவில்லை. “எதிரெதிரா முறுக்குனியா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“வரிசையா முறுக்கிட்டேண்ணே.”

வரிசையாக முறுக்கினால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் தளர்ந்து நிற்கும். தண்ணீர் குழாயில் அது தெரியாமலே போகலாம். ஹைட்ரஜனுக்கு அந்த இடுக்கு போதும்.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் பக்கத்து வீட்டுப் பையன். திருப்பதிப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். போன மாதம் சித்தூர் வந்தபோது ‘ஹைட்ரஜன் ரெடி’ என்று அட்டையில் போட்ட கேஸ் டர்பைன் பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்தான். “மாமா, 30 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து எரிக்கலாமாம். அப்போ கார்பன் வெளியேற்றமும் 30 சதவீதம் குறையும், இல்ல?”

பிரசுரத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 36 மெகாஜூல் வெப்பம். ஹைட்ரஜனில் 11கூட வராது. 30 சதவீதம் என்பது கன அளவில். வெப்பத்தில் அது ஏறக்குறைய 11 சதவீதம்தான். கார்பன் வெளியேற்றமும் அவ்வளவுதான் குறையும். பாதியாகக் குறைய வேண்டுமென்றால் கலவையில் முக்கால் பங்குக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும். பையன் முகம் வாடிவிட்டது.

அதற்காக அந்த 30 சதவீதத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஜப்பானில் தகாசாகோ என்ற ஊரில் மிட்சுபிஷி 2023 நவம்பரில் ஒரு பெரிய டர்பைனில் அதைச் செய்து, மின்சாரத்தை கிரிட்டுக்கும் அனுப்பியது. ஹைட்ரஜன் சுடர் எரிவாயுச் சுடரைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். பர்னரில் நிற்காமல், வந்த வழியே திரும்பி ஏறப் பார்க்கும். சூடு கூடினால் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். இரண்டையும் அடக்கி நிறுத்துவது வருஷக்கணக்கான உழைப்பு. கோபேயில் கவாசாகி 2018இலேயே முழு ஹைட்ரஜனில் ஓட்டிக் காட்டியது ஒரு மெகாவாட் அளவிலான டர்பைன்.

நம் பக்கமும் சும்மா இல்லை. ஸ்ரீஹரிகோட்டா இப்போது திருப்பதி மாவட்டம்தான். அங்கே மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனை ராக்கெட்டுக்கு ஏற்றுகிறார்கள். திருப்பதி கரகம்பாடியில் பேட்டரியோடு வளர்ந்த அமர ராஜா குழுமத்தின் கட்டுமானப் பிரிவு, லே நகரில் என்டிபிசிக்காகப் பசுமை ஹைட்ரஜன் நிலையம் கட்டி 2024இல் முடித்தது. சுமார் 3,400 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் மைனஸ் 25 டிகிரி. நாளுக்கு 80 கிலோ ஹைட்ரஜன் எடுத்து பஸ்களுக்குக் கொடுக்கிற ஏற்பாடு. அந்தக் குளிரில் கேஸ்கெட் வைத்த கைகளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

பஸ்ஸுக்குச் சரி. மின்சாரத்துக்கு? தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 55 யூனிட் மின்சாரம் போகும். அதை மிக நல்ல டர்பைனில் எரித்தாலும் 20 யூனிட் திரும்பினால் பெரிது. ராயலசீமையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மாலை விளக்கேற்ற பேட்டரி போதும். மேகம் மூடிய வாரங்களுக்கு, பேட்டரி தாங்காத நாட்களுக்குத்தான் ஹைட்ரஜனைச் சேர்த்து வைக்க வேண்டும். அந்த இடத்தில் அதற்கு மாற்று லேசில் கிடைக்காது என்றே நம்புகிறேன். அதனால்தான் இந்த ஆராய்ச்சி நம் ஊரிலும் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

“அப்போ ரெடின்னா என்ன மாமா?”

“பர்னர மட்டும் பாக்காதடா” என்றேன். அதே வெப்பத்துக்கு மூன்று மடங்கு வாயு போக வேண்டும். குழாயின் விட்டம் போதுமா? எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்க வைக்கும், வெல்டிங் தாங்குமா? கசிந்த வாயு மேலேதான் ஏறும். கூரை உச்சியில் வழி விட்டிருக்கிறார்களா, டிடெக்டரை அங்கே வைத்திருக்கிறார்களா? பிளாஞ்சை முறுக்கப்போகிறவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவன் பிரசுரத்தைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி எட்டு போல்ட் வரைந்தான். உச்சியில் 1 என்று எழுதினான். நேர் கீழே 2. மூன்றாவதை எங்கே எழுதுவது என்று பென்சிலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.