மரணப் பள்ளத்தாக்கில் ஒரு நீர்க்கணக்கு

மார்ச், வெள்ளிக்கிழமை மாலை

கலிஃபோர்னியாவின் கிழக்கெல்லையில், நெவாடாவை ஒட்டிக் கிடக்கும் மரணப் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் பிள்ளைகளோடு கூடாரம் அடித்துத் தங்குவதற்கு உகந்த பருவம் மார்ச் மாதத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாகி, சில வானிலையாளர்களின் ஐயத்துக்கு உள்ளானாலும் உலகின் உச்ச வெப்பநிலைக்குரிய இடமாக இன்றும் ஏற்கப்பட்டிருக்கும் ஃபர்னஸ் கிரீக் இப்பள்ளத்தாக்கில்தான் உள்ளது. அங்குள்ள வெப்பமானிப் பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலராயினும், இந்நிலத்தை உருவாக்கியதில் வெப்பத்தைவிட நீருக்கே பங்கு அதிகம்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், பெற்றோரும் பாட்டியும் இரு பிள்ளைகளுமாக, ஃபர்னஸ் கிரீக்குக்குச் சற்று மேலே உள்ள டெக்ஸஸ் ஸ்பிரிங் முகாம் திடலில் இறங்குகிறது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர் வேண்டும் என்பது தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. திடலில் குழாய் இருந்தாலும், கைப்பேசி வேலை செய்யாத சாலையில் வண்டி பழுதாகி நின்றால் குழாயால் பயனில்லை என்பதால், கேன்களை நிரப்பி வண்டியிலேயே வைத்துவிடுகிறார் தந்தை. காற்று மிக உலர்ந்திருப்பதால் வியர்வை தோலில் படியுமுன்பே ஆவியாகிவிடுகிறது. உடல் நீரிழப்பது கண்ணுக்குத் தெரியாத நிலையில், பிள்ளைகள் தாகம் எடுக்கவில்லை என்று சொல்வதைப் பொருட்படுத்தாமல் வேளை பார்த்துத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பைப் பாட்டி ஏற்கிறார்.

சரளைத் தரையில் முளை இறங்க மறுக்கிறது. அருகிலுள்ள வறண்ட ஓடையின் மெத்தென்ற மணலில் கூடாரம் போடலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முகாம் இடங்கள் எண்ணிட்டு ஒதுக்கப்பட்டவை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இம்மலைகளில் நீரை உறிஞ்சும் மண்ணோ தடுக்கும் மரமோ அதிகம் இல்லாததால், தொலைவில் எங்கோ பெய்யும் சிறு மழையும் சேறும் கல்லுமாகத் திரண்டு, மேலே வானம் தெளிந்திருக்கும் இடத்தில்கூட ஓடையை நிரப்பிவிடும். அவ்வாறு வரும் வெள்ளங்கள் மலைவாய்களில் கொட்டிய கல்லும் மணலும் விரிந்து படிந்தவையே வண்டல் விசிறிகள் எனப்படும் சரிவுகள்.

சனிக்கிழமை

காலையில் குடும்பம் பேட்வாட்டர் படுகைக்குச் செல்கிறது. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த நிலப்பகுதியான இங்கே, கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பரந்திருக்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறித்து மழையாகக் கறந்துகொள்வதால், அவற்றின் மறுபுறம் மழைமறைவுப் பிரதேசமாகிறது. ஆண்டுச் சராசரி மழை சுமார் 5 சென்டிமீட்டர், 1929இல் அதுவும் இல்லை. ஆவியாகக்கூடிய நீரின் அளவோ ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல். பனியுகத்தில் இப்பள்ளத்தாக்கை நிறைத்திருந்த மேன்லி ஏரி வற்றியதற்கும், அது விட்டுச்சென்ற உப்போடு பின்வந்த வெள்ளங்களின் உப்பும் சேர்ந்து தரையில் தங்கியதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் எச்சம் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டியபோது அந்த ஏரி ஆழமின்றி மீண்டும் தோன்றி, மறு ஆண்டின் தொடக்கத்தில் சிறிது காலம் சிறு படகுகள் செல்லும் அளவுக்கு நீடித்தது.

மாலையில் சால்ட் கிரீக். 2022 ஆகஸ்டில் வெள்ளம் மரநடைபாதையைப் பிய்த்துச் சென்ற இந்த உப்போடையில், பழைய ஏரி மீன்களின் வழிவந்த பப்ஃபிஷ் என்னும் விரல்நீள மீன்கள் வாழ்கின்றன. வசந்தகாலம் அவற்றின் இனப்பெருக்கப் பருவமாதலால் நீலம் பூத்த ஆண் மீன்கள் ஒன்றையொன்று துரத்துவதைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்க்கிறார்கள். பாலைவனத்தில் மீன் பார்த்ததாகப் பள்ளியில் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதே அவர்கள் கவலை. தானே நகரும் கற்களுக்குப் பெயர்பெற்ற ரேஸ்டிராக் சமவெளிக்கான பாதை கரடுமுரடானது என்பதால் அது கைவிடப்படுகிறது. அக்கற்களையும் நகர்த்துவது நீர்தான் என்பது 2014இல் வெளியான ஆய்வின் முடிவு: குளிர்கால இரவில் ஆழமற்ற நீரின் மேல் உறையும் மெல்லிய பனித்தகடு, பகலில் உடைந்து, காற்று உந்த நீரில் மிதந்து கற்களைத் தள்ளிச் செல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

திரும்பும் வழியில் ஹார்மனி ஆலையின் இடிபாடுகள். பொற்கொல்லர் பற்றவைப்பில் பயன்படுத்தும் வெண்காரம் 1880களில் இங்கே காய்ச்சி எடுக்கப்பட்டு, கோவேறு கழுதைகள் இழுத்த வண்டிகளில் சுமார் 265 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மொஹாவி ரயில் நிலையத்துக்குச் சென்றது. இரண்டு வண்டிகளில் சரக்கும், பின்னால் கட்டிய மூன்றாவதில் ஏறத்தாழ 4,500 லிட்டர் தண்ணீரும் ஏற்றப்பட்டன. கோடையில் கரைசல் குளிர்ந்து படிகமாகாத காரணத்தால் ஆலையே நின்றுவிடும்.

இப்பள்ளத்தாக்கைத் தாயகமாகக் கொண்டவர்கள் டிம்பிஷா ஷோஷோனி மக்கள். தமிழர் சீமைக் கருவேலமாக அறிந்திருக்கும் மரத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட், வேரை ஆழத்துக்கு இறக்கி நிலத்தடி நீரைத் தேடும் இயல்பினது. அதன் நெற்றுகளை இடித்து மாவாக்கி உண்ட அவர்கள், குளிர்காலத்தைத் தரையிலும் கோடையைப் பனமின்ட் மலைகளிலும் கழித்தனர். 1933இல் இந்நிலம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டபோது மதிக்கப்படாத அவர்களது உரிமை, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓரளவு ஏற்கப்பட்டு, ஃபர்னஸ் கிரீக்கில் 314 ஏக்கர் அவர்களிடம் வந்தது. இன்றைய முகாம் நாட்காட்டியும் அவர்கள் வழியையே பின்பற்றுகிறது: வெயில் ஏறியதும் டெக்ஸஸ் ஸ்பிரிங் மூடப்பட, அதே பனமின்ட் மலையில் சுமார் 2,500 மீட்டர் உயரத்திலுள்ள மஹாகனி ஃபிளாட் திடல் பனி உருகித் திறக்கிறது. அங்கே குழாய் கிடையாது. வேண்டிய தண்ணீரைக் கீழிருந்தே கொண்டுசெல்ல வேண்டும்.