கொலைச்சிந்தின் வேர்

உண்மையில் நடந்த ஒரு கொலையை, அது நடந்த வீடு, தெரு, காலம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கதைபோலச் சொல்லும் நூல்வகைக்கு, ட்ரூமன் கபோட்டி கன்சாஸ் படுகொலையைப் பற்றி எழுதி 1966இல் வெளியான நூலை முன்னோடியாகக் காட்டுவது வழக்கம். தமிழில் இந்த ஈர்ப்பின் தொடக்கத்தைத் தேடிப்போனாலோ, அத்தேடல் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் வந்து நிற்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு ஆராய்ந்த மலிவுவிலைப் பதிப்புகளில், கொலை வழக்குகளைப் பாடும் 'கொலைச்சிந்து' தனி வகையாகவே விளங்கியது. மட்டமான தாளில் சில பக்கங்களே கொண்ட அந்தச் சிறுநூல்களைச் சந்தையிலும் ரயிலிலும் பாடியபடியே விற்றார்கள்.

கொன்றவர் யார் என்பதை அச்சிந்துகள் ஒளித்துவைப்பதில்லை. பெயரும் ஊரும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆகவே கேட்டவர்களை ஈர்த்தது மர்மம் அன்று. வெளியார் எட்டிப்பார்க்க முடியாத ஒரு குடும்பத்தின் கதவு திறந்து, உள்ளேயிருந்த நகை, கடன், சந்தேகம், சாதி ஆகியவை வெளிச்சத்துக்கு வந்ததே அவர்களை ஈர்த்தது என்று கொள்வதுதான் பொருந்தும். எடுத்துக்காட்டாக, 1952இல் போட் மெயில் ரயிலில் ஏற்றப்பட்ட டிரங்குப் பெட்டிக்குள் தலையற்ற உடலாகக் கிடைத்த ஆளவந்தார் பேனா வியாபாரி என்பதும், தவணைக்குச் சேலை விற்றவர் என்பதும் அவ்வழக்கின் வெறும் துணைச்செய்திகள் அல்ல. தவணை வியாபாரத்தின் வழியாக அந்நிய ஆணொருவன் நடுத்தர வீடுகளின் வாசல்வரை வரத் தொடங்கிய நகரத்தை அவையே காட்டுகின்றன.

தேடல் இங்கே முடிந்துவிடவில்லை. 'சிந்து' என்பது எளிய மெட்டில் அமையும் இசைப்பாட்டு. அதன் ஒரு வகையான நொண்டிச்சிந்து, கொலைச்சிந்துக்கு வெகுகாலம் முன்பே நொண்டி நாடகங்களில் ஒலித்தது. தாசியின் மோகத்தில் பொருளிழந்து, குதிரை திருடப் போய், பிடிபட்டுக் கால் வெட்டுண்டவன் தன் குற்றத்தைத் தானே பாடும் நாடகம் அது. அவனுக்குத் தெய்வ அருளால் கால் வளர்கிறது. கொலைச்சிந்தின் குற்றவாளியோ நீதிமன்றத்துக்குப் போகிறான். காலனி ஆட்சியின் சட்டமும் அச்சும் குற்றக்கதையின் முடிவை எவ்வளவு மாற்றிவிட்டன என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

குற்றவாளியைப் பாடிய இச்சிந்துகளுக்கு மாறாக, கொல்லப்பட்டவரின் பக்கம் நின்று பாடியது நெல்லை, குமரி வட்டாரத்து வில்லுப்பாட்டு. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், பிராமணனான பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலப் பெண்களை மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்று, பின் மாடு கவர்ந்த கூட்டத்தோடு பொருது சாகிறான். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குப் பக்தர்கள் இன்றும் நேர்த்திக்கடனாகச் செருப்பையே செலுத்துகிறார்கள். கட்டிவிட்ட புதுச்செருப்பு தேய்ந்திருந்தால், இரவில் அவன் அதை அணிந்து காட்டைக் காவல் சுற்றியதாக நம்புகிறார்கள்.