கைக்கு நம்பர் கிடையாது

வெளிநாட்டில் ஒரு குடும்பம் காருக்குப் பின்னால் சின்ன வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஜன்னலில் பூப்போட்ட திரை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உள்ளயே கக்கூஸ் கீதா?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப போலாம்" என்றாள்.

முப்பது வருடம் காசிமேட்டில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து விற்றவள் அம்மா. கூடை இல்லாமல், சும்மா ஊர் பார்க்க என்று ஒருநாளும் வெளியே போனதில்லை. 2024 ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் பழைய ஆம்னி வேனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்தோம். ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், இட்லி, முந்தின நாள் வைத்த கானாங்கத்தைக் குழம்பு. எங்கள் வீட்டு வண்டி தயார். கக்கூஸ் மட்டும் இல்லை. ஓட்டியது நான். போகும் இடம் எண்ணூர் காட்டுக்குப்பம், பெரியம்மா வீடு. ராயபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

முதலில் ராயபுரம் ரயில் நிலையத்தில் நிறுத்தினேன். 1856 ஜூன் 28 அன்று திறந்த கட்டடம். ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தப் பெரிய தூண்களைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். அம்மா தலையாட்டிக்கொண்டே நடைமேடையின் ஒரு மூலையைக் காட்டினாள். "இங்கதான் கூடையை வச்சிட்டுக் குந்தினு இருப்போம்." நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸில் இறக்கிவிட்டுவிடுவார்கள். ரயிலில்தான் கூடைக்காரர்களுக்குத் தனிப் பெட்டி.

கேனைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். வியாபாரம் முடிந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்பது அவள் பழக்கம். ஒதுங்க இடம் கிடையாது. மூடிய வீடுகளின் கதவைத் தட்டிக் கேட்கவும் முடியாது. அந்தப் பழக்கத்தின் விலையாக இரண்டு முறை சிறுநீரகத்தில் கல். வியாபாரத்தை விட்டு ஆறு வருடமாகியும் வெளியே கிளம்பினால் வாய் தானாகப் பூட்டிக்கொள்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்குப் போய் வரும்வரை குழம்புச் சட்டியைத் திறக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு. வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு மகிழ மரத்தடியில் உட்கார்ந்தோம். சுந்தரர் சங்கிலியாரிடம் "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்த இடம் என்பார்கள். சன்னிதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, அந்த நேரத்துக்குச் சிவனை மரத்தடிக்குப் போய்விடச் சொன்னாராம் சுந்தரர். அதை அறிந்து, மரத்தடியிலேயே சத்தியம் செய்தால் போதும் என்றது சங்கிலியார் பக்கம். பிறகு திருவாரூர் நினைவு வந்து அவர் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று பார்வை திரும்பியதைப் பெரியபுராணம் சொல்கிறது.

"கண்ணு வந்துச்சு, சரி. அவ இன்னா ஆனா?" என்றாள் அம்மா.

என்னிடம் பதில் இல்லை. அவர் போன வழியெல்லாம் கதை கூடவே போகிறது. சங்கிலியார் இந்த ஊரிலேயே நின்றுவிடுகிறார்.

வேனில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வடக்கே போனோம். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் விம்கோ நகர். இப்போது அங்கே மெட்ரோ நிலையமும் உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் லேலண்ட். 2017-இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம். ஒவ்வொன்றையும் கடக்கும்போது அங்கே வேலை செய்த மாமாக்களின் பெயர்களை அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பெனி பெயரில் ஊர் இருக்கிறது. இத்தனை கம்பெனிக்காரர் வீடுகளுக்கும் மீன் கொண்டுபோனவர்கள் பெயரில் ஒரு சந்துகூடக் கண்ணில் படவில்லை.

பெரியம்மா கொசஸ்தலை ஆற்றங்கரையில் காத்திருந்தாள். அவளுக்குப் படகும் வலையும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் பறியைக் கட்டிக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இந்த ஆற்றை மூடியது. அலையாத்தி மரங்களின் அடிப்பாகம் கறுத்தது. பெரியம்மாவின் முழங்கைவரை அரிப்பு. ஆறு மாதமாகியும் தோல் உரிந்துகொண்டிருந்தது.

அந்த மாதமே அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய்; 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். படகுப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது பெரியம்மா இரண்டு கையையும் நீட்டினாள்.

"போட்டுக்கு நம்பர் கீது, எழுதினு போனாங்கோ. கைக்கு ஏதுடி நம்பர்?"

சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினாள். முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் பறி பாதியாவது நிறையும் என்றாள். அன்று கிடைத்தது இரண்டு கைப்பிடி.

அம்மா அதை வாங்கிப் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். மீன் விஷயத்தில் அவள் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை. பெரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு இறாலைத் தனியே ஒதுக்கினாள்.

"இது வேணாம்க்கா. மத்தது நல்லாத்தான் கீது."

பெரியம்மா மூச்சு விட்டதை நான் கேட்டேன். மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டு வேன் அடுப்பிலேயே வறுத்தோம். ஆளுக்கு நான்கைந்துதான் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். போதாமல் இன்னொரு சொம்பும் கேட்டாள்.

பெரியம்மா வீட்டில் கக்கூஸ் கட்டி நான்கு வருடமாகிறது.