எந்தக் கடத்தூர்? (தொடர் – 4)

சென்ற வாரம் உங்களை அமராவதிக் கரையில் விட்டுவிட்டு வந்தேன். உடுமலைப் பக்கத்துக் கடத்தூரில், அர்ச்சுனேசுவரர் கோயில் வாசலில், கரும்புச்சாறு குடித்தபடி. அந்த அலைச்சல் முழுக்க வீண். டர்பனிலிருந்து அக்காவின் மகள் கப்பலேறியவர்களின் பதிவேட்டுப் பக்கத்தை மறுபடி படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மை கசிந்திருந்த கட்டம் இப்போது படிக்க முடிந்தது. ஜில்லா: சேலம். நாங்கள் இத்தனை நாளும் கோயம்புத்தூர் ஜில்லாவில் தேடிக்கொண்டிருந்தோம்.

ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தாவை என்ன சொல்வது! அவர் போட்டிருக்கும் ஆங்கில எழுத்துகளைக் கட்டடூர் என்றும் படிக்கலாம், குட்டத்தூர் என்றும் படிக்கலாம். வந்து நின்றவர் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார், இவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். சேலம் ஜில்லா என்றானபின் எனக்குச் சந்தேகமில்லை, இது தர்மபுரிப் பக்கத்துக் கடத்தூர்தான். தர்மபுரி 1965 அக்டோபர் 2 வரைக்கும் சேலத்தோடுதான் இருந்தது. சேலத்தில் ரயிலேறிப் பொம்மிடியில் இறங்கி, பஸ் பிடித்தோம். முதுகுக்குப் பின்னால் சேர்வராயன் மலை, இரண்டு பக்கமும் மரவள்ளி. அகத்தி மரங்களில் வெற்றிலை ஏறிய கொடிக்கால்கள் வரத் தொடங்கியதும் அக்கா ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு இரண்டு வரி. அக்கா டர்பனிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் 1870-களின் கடைசியில் சென்னையில் கப்பலேறி, கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததில் தொடங்கி, 1911-இல் நிறுத்தப்படும்வரை 1,52,000-க்கு மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

ஒப்பந்தம் 5 வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். அன்றைய நம் காசில் ஐந்தாறு ரூபாய். அதற்காகவா ஒருவன் கடல் தாண்டுவான் என்று கேட்பவர்கள் 1876-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொன்னது அதைத்தான். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். 1881-இல் எண்ணியபோது 16 லட்சம்கூட முழுசாக இல்லை. நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆணுக்கு ஒரு கட்டத்தில் நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும்தான் கூலி. ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. பொம்மிடி வழியாக ரயில் ஓட ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பசித்தவன் நடந்து செத்த பாதையிலேயே தானிய மூட்டையும் போனது, கப்பலுக்கு ஆளும் போனது.

பதிவேட்டில் அந்த மனிதருக்கு ஒரு வரிதான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது 24, ஜாதி, ஜில்லா, ஊர், உயரம். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அக்கா அந்த இடத்தை விரலால் தடவிக் காட்டுவார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது இந்தக் கடத்தூர் வட்டாரம். பஞ்சத்தில் தப்பி இங்கேயே கிடந்த என் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் எனக்குத் தெரியாது. இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா போனவனுடைய பேரன் மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவைப் புரட்டி ஐந்தாறு தலைமுறை பின்னால் போய்விடுகிறான். நம் ஊரில் அந்தக் காலத்து ஏழைக்குக் காகிதத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் நிலம் இருக்க வேண்டும், இல்லை குற்றம் செய்திருக்க வேண்டும், இல்லை கப்பலேற வேண்டும். எண் போட்டு அனுப்பியது கூலிக் கணக்குக்காக, ஓடிப்போனால் தழும்பை வைத்துப் பிடிப்பதற்காக. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குப் பேத்தி பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கரும்புத் தோட்டத்தில் அந்தப் பாட்டன் பட்டது குடும்பத்துக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்து டர்பன் ஓரத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார், மனைவி கூடையில் சுமந்து விற்றார், அவ்வளவுதான் வாய்வழி வந்தது. கப்பலில் 100 ஆணுக்கு 40 பெண் என்பதுதான் விதி, அதனால் கல்யாணமே பெரிய காரியம். 1913-இல் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபோது அந்தக் கிழவி உயிரோடு இருந்தாராம். பிள்ளைகள் நகராட்சி வேலைக்குப் போனார்கள், மேகசின் பாரக்ஸ் என்ற கூலி லயனில் குடியிருந்தார்கள். 1960-களில் நிறவெறி அரசு அதை இடித்துச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியது. அக்கா அங்கே வளர்ந்தவர்.

பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பேரு என்னங்க இவங்களுக்கு?" என்றார். அக்காவின் குடும்பப் பெயர் கோவெண்டர். நம் கவுண்டர் அங்கே போய் அப்படி ஆனதுதான். பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம சனம்தான். எந்தத் தெருன்னு காகிதத்துல போட்டிருக்குதா?"

அக்கா என்னைப் பார்த்தார். தெருவைக் கேட்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அந்தக் கேள்விக்குள் இருந்த கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. பதிவேட்டில் ஜாதிக் கட்டத்தில் எழுதியிருப்பது வேறு. கப்பலுக்கு ஆள் சேர்த்த டிப்போவில் குமாஸ்தா எழுதியதா, அவரே மாற்றிச் சொன்னதா, டர்பனில் பிள்ளைகள் பெயரை மாற்றிக்கொண்டார்களா, யாருக்குத் தெரியும்? கடல் தாண்டியவர்கள் நிறைய பேர் இதைச் செய்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியும். "தெரு இல்லை," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, காகிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு தெரு கேட்காமலே சுற்றினோம். ஆடி மாதம். ஒரு மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா நின்றுவிட்டார். "பாரிட்ஜ் பிரேயர்!" டர்பனில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் வீட்டில் சோளமாவில் காய்ச்சுவார்களாம். இது கேழ்வரகு. கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு கணம் தயங்கினார், பிறகு சொம்பைத் தூக்கிக் குடித்தார். மோவாயில் வழிந்தது.

ஊற்றிய கிழவியை "ஆயா" என்று கூப்பிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அந்தச் சொல் அவர் வீட்டிலும் பாட்டிக்குத்தான். கிழவிக்கு ஆச்சரியம். எங்கிருந்து வருகிறார், எத்தனை நாள் கப்பல், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டென்று,

"அங்க மழ பேயுதா?" என்றார்.

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "நெறைய," என்றார் அக்கா.

"அப்ப போனது சரிதான்," என்று கிழவி அடுத்த ஆளுக்கு ஊற்றத் திரும்பிவிட்டார்.

(அடுத்த வாரம்: பொம்மிடியிலிருந்து சென்னைத் துறைமுகம்)