துப்பாக்கிக்கு முன் தோட்டா

கைத்துப்பாக்கி கற்றுக்கொள்ள எங்கள் ரைஃபிள் கிளப்புக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "எந்தப் பிஸ்டல் வாங்கலாம் சார்?" என்பதுதான். கைபேசியில் படம் தயாராக இருக்கும். வால்தர், பர்தினி, மோரினி, ஸ்டெயர் என்று பெயர்களும் மனப்பாடம். எல்லாமே நல்ல பிஸ்டல்கள்தாம். பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களை இரண்டு விஷயம் யோசிக்கச் சொல்வேன். ஒன்று, அவர்களுடைய கை. இன்னொன்று, அந்தப் பிஸ்டலுக்குள் போகப்போகும் தோட்டா அடுத்த சில வருஷங்களுக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பது. முதல் விஷயத்தைப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதைத் துப்பாக்கி கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

கையைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். போட்டிப் பிஸ்டலின் மரப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு அளவாக வருகிறது. பிடித்ததும் விரல்கள் தாமாக ஓர் இடத்தில் போய் அமர வேண்டும். கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாலும் அதே இடத்தில் அமர வேண்டும். சுட்டுவிரல் நுனிச் சதை டிரிக்கரில் படிய வேண்டும். விரலின் மற்ற பகுதி பிடியில் உரசக்கூடாது. உரசினால் டிரிக்கரை இழுக்கும்போதெல்லாம் பிஸ்டலும் பக்கவாட்டில் இழுபடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தச் சொல்வேன். கண்ணைத் திறக்கும்போது முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும். சற்றே விலகி நின்றால் அரத்தால் ராவியோ, மரப் புட்டி அப்பியோ சரிசெய்துகொள்ளலாம். நிறைய விலகினால் எவ்வளவு பெயர்பெற்ற பிஸ்டலானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "போகப் போகப் பழகிடும்" என்று விற்பவர் சொல்வார். பழகத்தான் செய்யும், ஆனால் மணிக்கட்டு கோணலாகப் பழகிவிடும், அதை மாற்றப் பின்னால் மாதக்கணக்கில் ஆகும்.

முதல் பிஸ்டல் காற்றுப் பிஸ்டலாகவே இருக்கட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அதை 75 நிமிஷத்தில் 60 முறை தேடிப் பிடிக்கக் கற்றுக்கொண்டவருக்கு வேறெந்தப் பிஸ்டலும் அந்நியமாகத் தோன்றாது. நம் நாட்டுச் சட்டப்படி 20 ஜூலுக்கு மேற்படாத, .177க்கு மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டிக் காற்றுப் பிஸ்டலின் சக்தி ஏழு ஜூலைக்கூடத் தாண்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குத் தீனி போடுவது எளிது. 500 பெல்லட் கொண்ட டப்பாக்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. தினமும் சுடலாம், மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. கணக்குப் பார்க்காமல் சுடக் கிடைக்கும் இந்தச் சுதந்திரம் ஆரம்ப நாட்களில் எவ்வளவு பெரிய வரம் என்பது அடுத்த படிக்குப் போன பிறகுதான் தெரியும்.

அடுத்த படி .22. உரிமத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தில் கிளப்பின் பிஸ்டலில் சுட்டுப் பழகலாம், பழகவும் வேண்டும். .22 லாங் ரைஃபிள் 1887இல் வந்த தோட்டா. வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அதன் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. அதனால் ஒருமுறை சுட்டால் அந்தக் கூடு அவ்வளவுதான். மறுபடி நிரப்பிப் பயன்படுத்த வழியில்லை. விளிம்பின் ஏதாவது ஒரு மூலையில் ரசாயனம் சரியாகப் பரவாமல் போனால் சுத்தியல் தட்டியும் வெடிக்காது. மலிவான தோட்டாவில் இது அதிகம். ரைஃபிள்காரர்கள் 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர் வட்டத்தைத் தேடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு லாட் எண்ணையும், அதாவது ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும், தனித்தனியே சுட்டுப் பார்த்துத் தங்கள் குழலுக்கு ஒத்துவருவதைப் பொறுக்குகிறார்கள். பிஸ்டல்காரர்கள் அவர்களைப் பார்த்து அதே வழியில் பணத்தைக் கரைக்க வேண்டாம். 25 மீட்டர் துல்லிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீட்டர். ஒழுங்கான எந்தத் தோட்டாவும் அதற்குள் விழும். நமக்கு வேண்டியது தட்டினால் வெடிக்க வேண்டும், சிக்காமல் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். வேகம் கூடிய தோட்டா பெட்டியில் கவர்ச்சியாக இருக்கும். போட்டிப் பிஸ்டலின் ஸ்பிரிங் சாதாரண வேகத் தோட்டாவுக்காக அமைக்கப்பட்டது, அதில் மற்றதைப் போட்டால் உள்ளே இருக்கும் உறுப்புகள்தான் அடிவாங்கும்.

.22 எப்போதும் கிடைக்கும் என்றும் இருந்துவிடக்கூடாது. உலகிலேயே அதிகமாகத் தோட்டா விற்கும் அமெரிக்காவில் 2013இலிருந்து சில ஆண்டுகள் .22 தோட்டாவுக்குத் தட்டுப்பாடு இருந்தது. பயத்தில் ஒவ்வொருவரும் வாங்கிக் குவித்தார்கள்; கடை அலமாரிகள் காலி. அங்கேயே அப்படியென்றால், இறக்குமதியை நம்பி இருக்கும் நாம் ஒரு வருஷத்துக்கு முன்பே யோசித்தாக வேண்டும்.

இனி நான் நேசிக்கும் தோட்டாவுக்கு வருகிறேன். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்றொரு போட்டி இருக்கிறது. இதன் தோட்டாவில் பற்றவைக்கும் ரசாயனம் விளிம்பில் இல்லை, அடியின் நடுவில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் இல்லை, உலக சாம்பியன்ஷிப்பிலும் நம் தேசியப் போட்டியிலும் இருக்கிறது. ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இதில்தான். 2006இல் தோஹாவில் 600க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்ததும் இதில்தான். விதிப்படி 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை எந்தத் தோட்டாவையும் பயன்படுத்தலாம். துளை பெரிதானால் மேல் புள்ளிக் கோட்டைத் தொடும் வாய்ப்பும் கூடும் என்று தோன்றும். ஆனால் முப்பது ரவுண்டு துல்லியமாகச் சுட்ட பிறகு, இலக்கு மூன்று நொடி காட்டி ஏழு நொடி மறையும் வேகச் சுற்றில் இன்னொரு முப்பது சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைத் தாழ்த்தி உயர்த்த வேண்டும். அங்கே உதைப்பு குறைந்த தோட்டாவே ஜெயிக்கிறது. அதனால் பெரும்பாலானோர் வந்து நிற்பது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவில்தான். 1896இல் ஒரு சாதாரண ரிவால்வருக்காக உருவாக்கப்பட்ட தோட்டா இது. போட்டிக்கு வேண்டியது இதன் வாட்கட்டர் வகை. குண்டின் முகம் தட்டையாக, கூட்டின் விளிம்போடு சமமாக அழுந்தியிருக்கும். காகித இலக்கில் கிழிசல் இல்லாத வட்டத் துளை விழும். அந்தத் துளையைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இந்தியாவில் .32 தோட்டாவுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 9 மில்லிமீட்டர், .380, .455, .45 ஆகிய ராணுவத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளை நம் சட்டம் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. ஆகவே தற்காப்புக்கு உரிமம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் .32க்குத்தான் வருகிறார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்கிறது. 2014இல் பெண்களை மனத்தில் வைத்து 500 கிராமில் 'நிர்பீக்' என்று ஒன்றை வெளியிட்டது. அவற்றுக்கான தோட்டாவைப் புனே அருகே கட்கியில் 1869இலிருந்து இயங்கும் தொழிற்சாலை செய்கிறது. வெளிநாடுகளில் இலக்குச் சுடுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு தோட்டா இங்கே உயிரோடு இருக்கிறது. ஆனாலும் நமக்கு அது உதவாது. ரிவால்வர் தோட்டாவின் குண்டு உருண்டை மூக்கோடு கூட்டுக்கு வெளியே நீண்டிருக்கும். வாட்கட்டருக்கு அளவெடுத்துச் செய்த போட்டிப் பிஸ்டலின் மேகசினுக்குள் அது நுழையவே நுழையாது. கூடு ஒன்று, பெயர் ஒன்று, பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஒன்று. இருந்தும் அது வேறு, இது வேறு.

இதோடு இன்னொரு .32 இருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .32 ஏசிபி, 7.65 பிரவுனிங் என்றும் சொல்வார்கள். நம் நாட்டு 'அஷானி' பிஸ்டலுக்கு உரியது. இதன் கூடு 17 மில்லிமீட்டர், லாங் கூடு 23. பேச்சில் இரண்டுமே "பாயிண்ட் த்ரீ டூ"தான். உரிமத்தில் வெறும் ".32 பிஸ்டல்" என்று பதிவாகிவிட்டால், தோட்டா வாங்கப் போகும்போது கடைக்காரர் ஏசிபி பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார். ஆகவே விண்ணப்பத்திலேயே தோட்டாவின் முழுப்பெயரையும் எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆபத்தும் இருக்கிறது. சில .32 ரிவால்வர்களில் ஏசிபி தோட்டா நழுவாமல் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டது என்பதற்காகச் சுடக்கூடாது. அதன் அழுத்தம் லாங் தோட்டாவைவிடக் கூடுதல். பழைய ரிவால்வர் தாங்காது.

.32 வாட்கட்டர் நமக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதியாகத்தான். லாபுவா, ஃபியோக்கி போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் செய்கின்றன. தேசிய ரைஃபிள் சங்கம், மாநிலச் சங்கங்கள், தேசியப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்து 'ரினௌன்ட் ஷாட்' என்ற சான்று பெற்றவர்கள் ஆகியோரின் வழியாகத்தான் கதவு திறக்கிறது. அதாவது, போட்டியில் நன்றாகச் சுட்டால் தோட்டா கிடைக்கும். நன்றாகச் சுடவோ தோட்டா வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கச் சுலபமான வழி .22தான். 1968இல் வந்த வால்தர் ஜிஎஸ்பி போன்ற பிஸ்டல்களில் பிடியும் அடிச்சட்டமும் அப்படியே இருக்க, மேற்பகுதியையும் மேகசினையும் மாற்றி .22, .32 இரண்டையும் சுடலாம். கை அதே மரத்தைப் பிடிக்கிறது. .32 ஆசை உள்ளவர் இரண்டாவது பிஸ்டல் வாங்கும்போது இந்த மாதிரி ஜோடியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது, தனி .32 ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்குவதைவிட எவ்வளவோ மேல். தள்ளுபடி விலைக்குப் பின்னால் பெரும்பாலும் தோட்டா கிடைக்காத கதை ஒன்று இருக்கும்.

விதி மாறியதால் அநாதையான பிஸ்டல்களையும் பார்த்திருக்கிறேன். ரேபிட் ஃபயர் போட்டியில் 2004 வரை .22 ஷார்ட் தோட்டா அனுமதிக்கப்பட்டிருந்தது. உதைப்பே இல்லாத அந்தக் குட்டித் தோட்டாவுக்கென்று வால்தர் ஓஎஸ்பி, பர்தினி ஜிபி என அற்புதமான பிஸ்டல்கள் செய்தார்கள். 2005இல் உலகச் சங்கம் அதை நிறுத்தி .22 லாங் ரைஃபிள் தோட்டாவைக் கட்டாயமாக்கியது. நம் விஜய் குமார் 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது இந்தப் புதிய விதியில்தான். ஷார்ட் அறைக்குள் லாங் ரைஃபிள் நுழையாது. துருப்பிடிக்காமல், தேயாமல், எண்ணெய் மணக்க அந்தப் பிஸ்டல்கள் அலமாரிகளில் இருக்கின்றன. யாராவது அதை "கிட்டத்தட்டப் புதுசு" என்று விற்க வந்தால் குழலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

தாத்தா வைத்திருந்த .25 பாக்கெட் பிஸ்டலோடும் அரை டப்பாத் தோட்டாவோடும் வருகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிஸ்டலைப் போற்றி வையுங்கள். அந்தத் தோட்டாவைச் சுடாதீர்கள். எப்படிச் சேமித்தார்கள் என்று தெரியாத தோட்டாவில் மருந்து கெட்டிருக்கலாம். 'பொத்' என்று மெலிந்த சத்தம் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். எந்தத் தோட்டாவானாலும் சத்தம் மாறினால் நிறுத்த வேண்டும். தட்டியும் வெடிக்காவிட்டால் இலக்கை நோக்கியே முப்பது நொடி பிடித்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

அரிதாகக் கிடைத்ததைக் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான். நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். தோட்டாவை அதன் பெட்டியிலேயே, லாட் எண் தெரிய, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பிஸ்டலுக்குப் போடும் எண்ணெய் தோட்டாவில் படவே கூடாது. அடிக்குள் கசிந்து பற்றும் ரசாயனத்தைக் கொன்றுவிடும். .32 மேகசினை நிரப்பும்போது மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் வேகச் சுற்றின் நடுவில் பிஸ்டல் அடைத்துக்கொள்ளும்.

என் மாணவர்களோடு உட்கார்ந்து ஆண்டுக் கணக்கைப் பின்னோக்கிப் போடுவது வழக்கம். வருஷத்துக்குப் பத்துப் பெட்டி, பெட்டிக்கு 50, ஆக 500 வாட்கட்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு போட்டிக்கு 60 ரவுண்டு, இரண்டு பகுதிக்கும் முன்னால் பதம் பார்க்க ஐந்தைந்து, மொத்தம் 70. மாநிலப் போட்டி, தேசியப் போட்டிக்குத் தகுதி தேடும் மாவ்லங்கர் போட்டி, தேசியப் போட்டி மூன்றுக்கும் 210ஐ முதலில் தனியே எடுத்துப் பூட்டிவிட வேண்டும். சிக்கினாலோ மறுபடி சுட நேர்ந்தாலோ வேண்டும் என்று இன்னும் ஒரு பெட்டி. மிச்சம் 240. புது லாட்டுக்கு சைட் திருத்த அதில் ஒரு இருபது போகும். மற்றதை வாரா வாரம் பிய்த்துப் பிய்த்துச் சுட்டால் ஒன்றுக்கும் உதவாது. துல்லியச் சுற்றுக்கு .22இல் எடுக்கும் பயிற்சியே போதும். .32 தோட்டாவின் உதைப்புக்குப் பிறகு பிஸ்டலைத் தாழ்த்தி மூன்று நொடிக்குள் மறுபடி கோட்டுக்குக் கொண்டுவருவதை மட்டும் .32இல்தான் கற்க முடியும். அதனால் மிஞ்சிய 220 ரவுண்டையும் போட்டிக்கு முந்தைய வாரங்களுக்கு வைத்துக்கொண்டு, அந்த வேகச் சுற்றுக்கே செலவிடச் சொல்கிறேன்.