கையைத் தொட்டுப் பார்ப்பது

பொந்தியான் வட்டாரத்தில் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: உடம்பெல்லாம் வலி, தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பட்டணத்துக் கடைவீட்டில் இருப்பவருக்கு டிங்கியாக இருக்கலாம். அவர்கள் சொல்வது பிரித்துக் காட்டாதபோது நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலில் பீளை கட்டாமலே கண் சிவந்திருக்கும். கெண்டைக்காலை லேசாக அழுத்தினாலே சிலர் துடித்துப்போவார்கள்.

நோயாளி சொன்னதையும் நான் கண்டதையும் தனித்தனியாகவே எழுதுகிறேன். "வயிறு வலிக்குது" என்பது அவர் சொன்னது. அழுத்தும்போது முகம் சுளிப்பது என் கை கண்டது. இரண்டையும் 'வயிற்று வலி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குப் பாதிச் செய்திதான் போய்ச்சேரும்.

டிங்கியில் சொல்வதற்கும் காண்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "தம்பி, இப்ப தேவல, வீட்டுக்குப் போகலாமா?" என்பார்கள். சிலருக்கு அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். பேச்சு தெளிவாக இருக்கும், கை மட்டும் சில்லிட்டிருக்கும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100-இல் நிற்க, கீழ் அளவு 85-க்கு ஏறியிருக்கும். இடைவெளி 20-ஆகக் குறைந்தாலே ஆபத்து. மேல் அளவை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஆகவே கருவியை எடுக்கும் முன் கையைப் பிடிக்க வேண்டும்: தோலின் நிறம், அழுத்திய நகத்தில் ரத்தம் திரும்பும் நேரம், சூடு, நாடியின் வலு, நாடியின் வேகம். மலேசியாவில் டிங்கிக்கென்றே கற்றுத்தரும் இந்த ஐந்தையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எவ்வளவு கூட்டம் இருந்தாலும் விடக்கூடாது.

அதற்காக நோயாளியின் பேச்சைக் குறைத்து மதிப்பதற்கில்லை. "ராத்திரியிலேருந்து புள்ள ஒண்ணுக்கே போகல" என்று ஒரு தாய் சொன்னால் அதைக் கேட்டதும் நான் எழுந்துவிடுவேன். வீட்டில் நடந்ததை எந்தக் கருவியும் சொல்லாது.

காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஆள் சோர்ந்து படுத்துவிட்டாலோ காத்திருக்காதீர்கள். நேராகப் பொந்தியான் மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, கடைசியாகப் பனடோல் எப்போது கொடுத்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.